உப்பு நிறுப்பவளின் கடைசிப் பதினாறு பக்கங்கள்

மார்ச் 4

மதிப்பிற்குரிய மொழிபெயர்ப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் முகவரியைப் பதிப்பகத்தில் கேட்டு வாங்கினேன். தொலைபேசியை எடுத்தவர், "பாராட்டுக் கடிதம்னா இங்கயே அனுப்புங்கம்மா, நாங்க குடுத்துருவோம்" என்றார். பாராட்டு இல்லை என்றேன். உடனே முகவரியைச் சொல்லிவிட்டார்.

நீங்கள் இத்தாலியனிலிருந்து மொழிபெயர்த்த 'உப்பு நிறுப்பவள்' நாவலை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். அப்பா இறந்த அன்றே சொல்லாமல் கொள்ளாமல் படகேறிப் போய்விட்ட தம்பி, தனியாக அப்பாவை அடக்கம் செய்துவிட்டு உப்புக் கிடங்கில் தராசோடு காலம் தள்ளும் அக்கா, பல வருஷம் கழித்து அவன் திரும்பி வருகிற நாளில் துறைமுகத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கும் அவள். கடைசி வரி எனக்கு மனப்பாடம். "படகு வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை."

நான் பல் செய்பவள். மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து ஆய்வகத்தில் பல் செட்டும் கேப்பும் செய்து கொடுப்பவள். பக்கத்து மேசையில் பல்லுக்குப் பீங்கான் வேலை செய்பவர் இத்தாலிக்காரர்; எங்களுக்குள் பேச்சு அரைகுறை ஆங்கிலத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன். போன வாரம் தேநீர் நேரத்தில் பேச்சு எங்கெங்கோ போய்ப் புத்தகத்தில் வந்து நின்றது. உங்கள் ஊர்ப் புத்தகம் ஒன்று படித்திருக்கிறேன் என்று சொன்னதும் மனிதர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அது அவர் அம்மாவுக்கு உயிராம். கடைசி வரியைச் சொன்னேன். "ஆமா, பாவம், கால் மரத்துப்போச்சு" என்றார்.

யாருக்குக் கால் மரத்தது என்று கேட்டேன். "அவளுக்குத்தான். காலைல இருந்து உக்காந்திருக்கா இல்ல?" என்றார். நான் இல்லை என்றேன், அவர் ஆமாம் என்றார், வேலை கெட்டது. மறுநாள் அம்மாவின் புத்தகத்தைக் கொண்டுவந்தார். உங்கள் முன்னுரையில் மூலநூல் 208 பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடையதில் 224 பக்கம். 209ஆம் பக்கத்தின் முதல் வரியை எனக்குப் புரிகிறபடி சொன்னார்: "அவளுடைய இடது கால் மரத்துப் போயிருந்தது."

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். நான் என் அண்ணனோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு உங்கள் கடைசி வரிதான் காரணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் பதில் போடுங்கள். அந்தப் பதினாறு பக்கம் எங்கே?

இப்படிக்கு,
ஒரு வாசகி


மார்ச் 15

அன்புள்ள வாசகி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். ஒரு கையில் மருந்துச்சீட்டும் ஒரு கையில் அகராதியுமாக மூன்று வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த நாவலை மொழிபெயர்த்தேன். அதில் எத்தனை பக்கம் என்பது எனக்குத் தெரியாமல் உங்கள் பீங்கான்காரருக்குத் தெரியும் என்பது வேடிக்கையாக இருக்கிறது.

அவர் கையில் இருப்பது பள்ளிக்கூடப் பதிப்பாக இருக்கலாம். சோகமாக முடிந்தால் பிள்ளைகள் அழும் என்று யாரோ ஒரு வாத்தியார் வால் ஒட்டியிருப்பார். எழுதிய அம்மாள் அப்படி முடிக்கக்கூடியவர் அல்ல. 'எழுந்திருக்காதவள்' என்ற தலைப்பில் நான் எழுதிய முன்னுரையை மறுபடி ஒருமுறை படியுங்கள். "முற்றும் என்ற சொல்லைக்கூடப் போடாமல் நிறுத்திய துணிச்சல்" என்று நான் குறிப்பிட்டதை எத்தனையோ பேர் மேடையில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஜூன் மாதம் புதிய பதிப்பு வருகிறது. அட்டையிலேயே அந்த வரிதான்.

உங்கள் குடும்ப விஷயத்தில் நான் மூக்கை நுழைக்க விரும்பவில்லை. ஆனால் என் கடையில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் மாமியாரோடு சண்டை போட்டால் அதற்கும் நானா பொறுப்பு?

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளன்


மார்ச் 27

ஐயா,

பொறுப்பா இல்லையா என்று நீங்களே பாருங்கள். 207ஆம் பக்கத்திலிருந்து 224 வரை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இது பள்ளிக்கூடப் பதிப்பு இல்லை. முதல் பதிப்பு. பீங்கான்காரரின் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. நகலெடுக்கும் இடத்தில் அவர் என் தலைமேலேயே நின்றுகொண்டிருந்தார், புத்தகத்தை அழுத்தினால் தைத்தது விட்டுப்போகும் என்று.

இப்போது என் கதை. கேட்காவிட்டாலும் சொல்வேன்.

எங்கள் அம்மா நோயில் படுத்தபோது எனக்குத் தொழில் சான்றிதழ்ப் பரீட்சை. நான் இந்த ஊரில், அம்மாவும் அண்ணனும் ஒரு பகல் முழுக்க ரயில் ஓடும் தூரத்தில். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசினால் அண்ணன் எடுப்பான். "அம்மா தூங்குறா. நீ படி" என்பான். பரீட்சை முடிந்த மறுநாள்தான் அம்மா இறந்துபோன விஷயத்தைச் சொன்னான். நான் போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்து வீட்டில் பாயெல்லாம் சுருட்டி வைத்தாகிவிட்டது. "உனக்குப் பரீட்சை இருந்துச்சு" என்றான். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னான். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

அந்த வாரம் உங்கள் புத்தகம் கையில் கிடைத்தது. யாரோ என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசியதுபோல இருந்தது. சில மாதம் கழித்து அண்ணன் வருவதாகத் தகவல் அனுப்பினான். ரயில் நிலையத்திலிருந்து பேருந்து வந்து நிற்கும் நிறுத்தத்துக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். போகாமலும் இருக்க முடியவில்லை பாருங்கள். பேருந்து வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அவன் எனக்கு முன்னால் வந்து நின்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் உங்கள் வரியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கையிலிருந்த குடையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிர்ப்பக்க நிறுத்தத்துக்கு நனைந்துகொண்டே நடந்து போனான். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? புத்தகத்தில் வருகிற பெண் மாதிரியே நடந்துகொண்டேன் என்று.

அந்தப் பெண்ணுக்குக் கால் மரத்துப் போயிருந்ததாம். எனக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது ஐயா.

வாசகி


ஏப்ரல் 9

அம்மணி,

நகல் கிடைத்தது. கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு உள்ளே போய்ப் படித்தேன். நடுவில் ஒருவர் வந்து காய்ச்சல் மாத்திரை கேட்டபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்ன சார்?" என்றார்.

முதலில் என் பிரதியைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு நூலகம் கழித்துக்கட்டிய புத்தகம். நடைபாதையில் வாங்கினேன். பழைய அட்டை பிய்ந்துபோனதால் நூலகத்தார் புதிதாக பைண்டு போட்டிருந்தார்கள். நேற்று அதன் முதுகைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைப்பார்கள், அச்சகத்தில் அதை ஃபாரம் என்பார்கள். என் பிரதியில் பதின்மூன்று ஃபாரம் இருக்கிறது. பதினான்காவது பைண்டர் கையில் சேரவே இல்லை. 208ஆம் பக்கத்தின் கடைசி வரி, பக்கத்தின் அடியில், முற்றுப்புள்ளியோடு, கச்சிதமாக முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகு பைண்டர் ஒட்டிய வெள்ளைத் தாள். அந்த வெள்ளைத் தாளைத்தான் நான் "பெரும் மௌனம்" என்று முன்னுரையில் எட்டுப் பத்தி எழுதியிருக்கிறேன்.

எழுதிய அம்மாள் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பேன் என்று தெரியவில்லை. உரிமை வாங்கும்போது இங்கிருந்து அங்கே கடிதம் போனது, அங்கிருந்து இங்கே கையெழுத்து வந்தது. அங்கே தமிழ் படிக்க ஆள் இல்லை. இங்கே இத்தாலியன் படிக்க என்னை விட்டால் ஆள் இல்லை. நடுவில் பதினாறு பக்கம் விழுந்துவிட்டது.

நான் ஏன் இத்தாலியன் படித்தேன் என்று எல்லோரும் கேட்பார்கள். ஏதேதோ அழகாகச் சொல்லிவைத்திருக்கிறேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். மாலை வகுப்பில் பிரெஞ்சு படிக்கப் போனேன், இடமில்லை என்றார்கள். பக்கத்து அறையில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. போய் உட்கார்ந்தேன். அப்படிப் போய் உட்கார்ந்தவன், முப்பது வருஷமாக அந்த மொழியைத் தவிர வேறு எதையும் இவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை. அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறது.

இருமல் மருந்து உதாரணத்தைத் திரும்பப் பெறுகிறேன். மருந்து பாதி பாட்டில்தான் கொடுத்திருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரன்


ஏப்ரல் 20

மருந்துக்கடை ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது கோபத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளப் பார்த்தேன். பெஞ்சு காலியாகக் கிடந்த இடத்தில் சிரித்துவிட்டேன். பீங்கான்காரருக்கும் சொன்னேன். அவர் உங்களைத் திட்டவில்லை. தன் அம்மாவின் புத்தகத்தை இவ்வளவு தூரத்தில், எழுத்துக்கூட அடையாளம் தெரியாத மொழியில், பல் செய்கிற ஒருத்தி மனப்பாடமாக வைத்திருக்கிறாள் என்பதே அவருக்குப் பெரிய விஷயமாக இருக்கிறது. உங்கள் தமிழ்ப் புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல அந்த அக்கா பேரு எங்க இருக்கு?" என்று கேட்டு, காட்டிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

இப்போது என்ன செய்யப்போகிறீர்கள்? ஜூனில் அதே புத்தகம் அதே முன்னுரையோடு வருமா? பூசி மெழுகிவிடுவீர்களா?

இன்னொன்று. எனக்கு அந்தப் பதினாறு பக்கம் தமிழில் முழுசாக வேண்டும். பீங்கான்காரர் சொல்லிக்கொண்டே வருவார், சிரிப்பு வருகிற இடத்துக்கு முன்னாலேயே சிரித்துவிடுவார், பிறகு ஒன்றும் புரியாது. தம்பி அவள் காலைப் பிடித்துத் தேய்த்துவிடுகிறான், அவள் திட்டிக்கொண்டே இருக்கிறாள், ஏதோ தராசு வருகிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மன்னிக்கிறாளா இல்லையா?

வாசகி


மே 6

அம்மணி,

பதிப்பாளரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு அட்டையைக் காட்டினார். "அட்டை அச்சாயிருச்சு சார். கடைசிப் பதினாறு பக்கத்தை யாரு போய் இத்தாலில சரி பாக்கப் போறா? எல்லாருக்கும் இந்த முடிவு பிடிச்சிருக்கு. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றார். ஒரு பல் ஆய்வகத்தில் இரண்டு பேர் சரிபார்த்துவிட்டார்கள் என்றேன். கடைசியில் ஒரு வழி தோன்றியது. அட்டையில் அந்த வரி இருந்துவிட்டுப் போகட்டும், அது நாவலில் இருக்கிற வரிதானே, அடுத்த வரி உள்ளே வரட்டும் என்றேன். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு மாதம் தள்ளிப்போட ஒத்துக்கொண்டார்.

மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். கால் மரத்தது வந்துவிட்டது. தம்பி மண்டிபோட்டுப் பாதத்தைத் தேய்ப்பது வந்துவிட்டது. அவனைக் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போய் உப்புத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்க்கிறாள், போனபோது இருந்ததைவிட எவ்வளவு இளைத்திருக்கிறான் என்று. அதுவும் வந்துவிட்டது. துறைமுகத்திலிருந்து கிடங்குவரை நடக்கும்போது அவள் அவனைத் திட்டுகிறாள் பாருங்கள், ஆறு பக்கம், அங்கேதான் பேனா நகரவில்லை. நான் எழுதினால் மேடைப்பேச்சு மாதிரி வருகிறது. எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை.

உங்களிடம் ஒரு உதவி. ஒரு தங்கை நிஜமாகக் கோபப்பட்டால் என்ன சொல்வாள்? எப்படி ஆரம்பிப்பாள்? எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள்? ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்.

மன்னிக்கிறாளா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சொல் அந்தப் பதினாறு பக்கத்திலும் இல்லை. நாவலின் நிஜமான கடைசி வரி, அவள் அவனைப் பார்த்துச் சொல்வது: "கதவைச் சாத்து, உப்பு ஈரமாகுது."

மருந்துக்கடைக்காரன்


மே 18

ஐயா,

நீங்கள் கேட்டதற்காக எழுத உட்கார்ந்தேன். பல் அச்சு காயும் நேரத்தில் எழுதியது. பிளாஸ்டர் கை பட்டிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நீ யாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்க? எனக்கு எது முக்கியம்னு முடிவு பண்ண உன்னை யாரு கேட்டா? அவ எனக்கும்தானே அம்மா? பரீட்சை அடுத்த வருஷமும் வரும். அம்மா வருவாளா? அம்மா தூங்குறா, அம்மா தூங்குறான்னு வாரா வாரம் சொன்னியே, ஒரு தடவை எழுப்பிக் குடுத்திருந்தா என்ன? ம்ம்னு ஒரு சத்தம் கேட்டிருந்தாக்கூட எனக்குப் போதும்டா. நீயே தனியா தூக்கிச் சுமந்து, நீயே தனியா எல்லாம் பண்ணி, பெரிய தியாகி. அழுதியா? யார்கிட்ட அழுத? நான் இருந்திருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம்ல? அப்புறம் பஸ் ஸ்டாப்ல வந்து கம்பம் மாதிரி நிக்கிற. நின்னா போதுமா? வாயத் தொறந்து ஏண்டி இப்படிப் பண்றேன்னு ஒரு வார்த்தை திட்டியிருந்தா எழுந்திருப்பேன்டா. கொடைய வச்சுட்டுப் போற. யாரு கேட்டா உன் கொடைய? நனைஞ்சுக்கிட்டே போனியே, காய்ச்சல் வந்துச்சா? வந்துச்சா இல்லையான்னு கேக்கக்கூட வழியில்லாம ஆறு வருஷம் ஆக்கிட்ட."

இதற்கு மேல் எழுதவில்லை. உங்களுக்கு எது உபயோகப்படுமோ எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலிருந்து நாங்கள் வாடா போடி என்றுதான் பேசிக்கொள்வோம். அதையும் நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

வாசகி


மே 29

அம்மணி,

உங்கள் பக்கம் கிடைத்தது. படித்தேன். இன்னொரு முறை படித்தேன். பிறகு மடித்து உறைக்குள் வைத்துவிட்டேன்.

இது எனக்கு எழுதியது இல்லை. முகவரி தவறி என் மருந்துக்கடைக்கு வந்திருக்கிறது. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். சேர வேண்டியவரிடம் சேர்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு வரியை மட்டும் திருடிக்கொண்டேன். மூலத்தில் அக்கா நடந்துகொண்டே சட்டென்று நின்று, அன்றைக்குப் படகில் உனக்குக் குளிர்ந்ததா என்று கேட்கிறாள். அந்த இடம் எனக்குப் பிடிபடவே இல்லை. இவ்வளவு கோபத்தில் எதற்குக் குளிரைப் பற்றிக் கேட்கிறாள் என்று விழித்துக்கொண்டிருந்தேன். உங்கள் காய்ச்சலைப் படித்த பிறகுதான் அவள் ஏன் கேட்டாள் என்று புரிந்தது. ஆறு பக்கமும் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

முழுப் பதினாறு பக்கமும் இதோ. வெளியார் யாரும் இன்னும் பார்க்கவில்லை. முதல் பிரதி உங்களுக்கு. பீங்கான்காரருக்குப் படித்துக் காட்டுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாது என்றால் பரவாயில்லை, எந்த இடத்தில் சிரிக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

மருந்துக்கடைக்காரன்


ஜூலை 11

அம்மணி,

ஒன்றரை மாதமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. பக்கத்தைத் திருப்பி அனுப்பியது தவறோ என்று கடையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று இருமலுக்கு வந்தவருக்கு வயிற்று மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். நல்லவேளை, அவரே பார்த்துச் சொன்னார்.

புதிய பதிப்பை அறிவிக்கும் விழா, முதலில் குறித்த ஜூன் தேதியிலேயே நடந்தது; புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். பதிப்பாளர் என் காதில் "லேசா சொல்லிட்டு இறங்கிருங்க" என்றார். எனக்கு லேசாகச் சொல்லத் தெரியவில்லை. பைண்டு கீறிய புத்தகத்தையே கையில் தூக்கிக் காட்டி, பதினான்காவது ஃபாரம் இல்லாமல் நான் எட்டுப் பத்தி தத்துவம் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு பின்வரிசையில் யாரோ சிரிக்க, அரங்கம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு எத்தனையோ பாராட்டு விழாவில் வராத நிம்மதி வந்தது.

பிறகு ஒரு பெண்மணி எழுந்தார். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து வேலையாம். "சார், நான் அந்த வரியைப் படிச்சுட்டுத்தான் என் வீட்டுக்காரரை விட்டு வந்தேன். அடிக்கிற மனுஷன். இன்னிக்கு வரைக்கும் நான் எழுந்திருக்கல. எனக்குக் காலும் மரத்துப்போகல. இப்ப நான் என்ன பண்றது?" என்றார். "உங்க புத்தகம் அந்த இடத்துலயே முடியட்டும்மா, உங்களுக்கு அதுதான் சரி" என்றேன். கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.

அதனால் புதிய பதிப்பில் ஒரு ஏற்பாடு. பழைய கடைசி வரிக்குப் பிறகு ஒரு வெள்ளைத் தாள். அதற்கு அப்பால் பதினாறு பக்கம். நிறுத்த வேண்டியவர்கள் நிறுத்தலாம், போக வேண்டியவர்கள் போகலாம். முன்னுரையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். புதியது நான்கு வரிதான். அதில் ஒரு பல் செய்பவருக்கும் ஒரு பீங்கான்காரருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் அந்த வெள்ளைத் தாளோடு நின்றீர்களா, அப்பால் போனீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

மருந்துக்கடைக்காரன்


ஜூலை 24

அன்புள்ள மருந்துக்கடை ஐயாவுக்கு,

வயிற்று மாத்திரை விஷயத்தைப் படித்துப் பயந்துபோனேன். உடனே எழுதுகிறேன். இனி ஒழுங்காகக் கடையைப் பாருங்கள்.

நீங்கள் திருப்பி அனுப்பிய பக்கம் வந்தபோது உங்கள் மேல் கோபம் வந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டே ஒரு மாதம் வேலைக்குப் போய் வந்தேன். பதினாறு பக்கத்தையும் பீங்கான்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை புரியாமல், தராசு வருகிற இடத்தில் சரியாகச் சிரித்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "உன் குரல் மாறிச்சு" என்றார். அன்றைக்கே விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

குடையை எடுத்துக்கொண்டேன். ரயிலில் ஒரு பகல் முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். வீட்டில் இல்லை, அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் வேலை செய்துகொண்டிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். படியிறங்கிப் போனேன். கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து ஒரு சக்கரத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தான். யார் என்று தெரிந்துகொண்டான்.

எழுந்திருக்கவில்லை.

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. என் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"கால் மரத்துப்போச்சாண்ணா?"

"இல்ல. கோவம்."

"போகுமா?"

"ஆறு வருஷம் சேர்ந்திருக்கு. வந்து நின்ன உடனே போயிருமா?"

சரி என்று நின்றேன். அவன் சக்கரத்தைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தான். பிறகு என் கையைப் பார்த்தான்.

"அது என் கொடை."

"ஆமா."

வாங்கி விரித்துப் பார்த்தான். ஒரு கம்பி உடைந்திருந்தது. "ஒரு கொடைய ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதாடி உனக்கு?" என்றான். ஐயா, அவன் என்னைத் திட்டினான்! பையிலிருந்து பக்கத்தை எடுத்து, நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன். நீ யாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்க என்பதிலிருந்து. மேலே லிஃப்டுக்காக யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் காதில் வாங்கவில்லை. யார்கிட்ட அழுத என்ற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டான். காய்ச்சல் வந்துச்சா என்ற இடத்தில் நிறுத்தி அவனைப் பார்த்தேன்.

"மூணு நாள் இருந்துச்சு" என்றான்.

அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் கொஞ்சம்தான் பாக்கி. அதைப் படிக்க என்னால் முடியவில்லை. அவன் எழுந்தான். போகிறான் என்று நினைத்தேன். மூலையில் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கிரீஸ் துணியாலேயே துடைத்து, என் பக்கத்தில் போட்டான்.

"உக்காந்து திட்டு. எவ்வளவு நேரம் நிப்ப?"

திட்டி முடித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அம்மாவின் கடைசி வாரங்களைப் பற்றி அவன் சொல்ல, நான் நடுவில் சண்டை போட, அவன் பாதியில் நிறுத்த, நான் அங்கே இருந்த இரண்டு நாளிலும் தீரவில்லை. நாவலில் போலவே எங்களில் யாரும் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. பக்கத்தை அவன் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். குடைக்கம்பியை மாற்றித் தருகிறேன் என்று குடையையும் வாங்கி வைத்துக்கொண்டான். உங்கள் புத்தகத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன், பழைய பதிப்பு, பின்னால் உங்கள் பதினாறு பக்கத்தை நானே ஒட்டியது. வெள்ளைத் தாள் இல்லாமல்.

அடுத்த மாதம் குடையைக் கொடுக்க அவன் இங்கே வருகிறான். அதே பேருந்து, அதே நிறுத்தம். பெஞ்சும் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நான் சீக்கிரமே போய்விடுவேன். ஆனால் இந்த முறை உட்காரப் போவதில்லை.

உங்கள் வாசகி